முயலுக்கு மிச்சம் ஐந்து சுற்று

மலையூரான இஃப்ரானில் ஓட்டக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. மார்ச் மாதத்துக் காலையில் தேவதாரு மரங்களுக்கு நடுவே போகிற மண்பாதையில் நின்று ஒரு கல்லை எறிந்தால், அது யாராவது ஒரு பதக்கக்காரர் முதுகில்தான் விழும். அந்தக் கூட்டத்தில் இத்தோவுக்குத் தனி இடம் உண்டு. அவள் முயல்.

முயல் என்பது அங்கே ஏச்சு இல்லை, வேலை. நட்சத்திர ஓட்டக்காரி ஒருத்தி ஐயாயிரம் மீட்டரை நல்ல நேரத்தில் முடிக்க வேண்டுமானால், அவளுக்கு முன்னால் ஒருத்தி சொன்ன வேகத்தில், எதிர்க்காற்றைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். மூவாயிரம் வந்ததும் முயல் வெளிப்பக்கமாக விலகிக்கொள்ளும். பின்னால் வந்தவள் உள்பக்கமாகப் புகுந்து மிச்சம் ஐந்து சுற்றையும் ஓடிப் பேர் வாங்கிக்கொள்வாள். முயல் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிவிட்டு, கழற்றிப் போட்ட ஸ்வெட்டரைத் தேடிக்கொண்டு போகும். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இத்தோ நான்கு வருடமாகத் தூரியாவுக்கு முயல். கடிகாரமே பார்க்காமல் ஒரு சுற்றைச் சொன்ன நொடியில் கொண்டுவந்து முடிப்பாள். மழையோ பனியோ, அவள் கணக்குத் தப்பாது. தூரியா அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கூட ஓடலாம். ஒரு தடவை நிஜமாகவே அப்படி ஓடியதாகத் தூரியா சொல்லியிருக்கிறாள். தூரியா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

இத்தோவுக்கு வயது முப்பத்தொன்று. அவள் புருஷன் மோஹா பக்கத்து ஊரான அஸ்ரூவுக்கும் இஃப்ரானுக்கும் இடையே வாடகைக் கார் ஓட்டுகிறவன். நல்லவன், ஆனால் வாய்க்குப் பூட்டில்லாதவன். ஒருநாள் இத்தோ முன் இருக்கையில் உட்கார்ந்திருக்க, பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

"உன் சம்சாரம் ஓட்டப்பந்தயத்துல ஓடுதாமே. எத்தனாவதா வரும்?"

"அவ வர்றதில்லீங்க" என்றான் மோஹா. "போவா. பாதிக்கு மேல போவா. அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்துடுவா."

காரே சிரித்தது. இத்தோவும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் அது உள்ளே எங்கோ போய்த் தைத்திருப்பது தெரிந்தது. அன்று ராத்திரி சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தவள், கரண்டியை வைத்துவிட்டு, "நான் இதுவரைக்கும் ஒரு பந்தயத்தையும் முடிச்சதில்ல மோஹா" என்றாள்.

"கேலியாச் சொன்னேன்டி."

"நீ கேலியாத்தான் சொன்னே. ஆனா அது உண்மை."

மறுநாளே கோச் பெனைசாவிடம் போய் நின்றாள். பெனைசா அவளைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். முழங்கால் போனதால் ஓட்டத்தை விட்டவர். அதனாலோ என்னவோ, மற்றவர்கள் முழங்காலைப் பற்றி ஓயாமல் பேசுவார். ஜூன் மாதம் தலைநகர் ரபாத்தில் தேசியப் போட்டி. ஐயாயிரத்தில் முதல் மூன்று இடம் வருகிறவர்கள் துனிஸில் நடக்கிற சர்வதேசப் போட்டிக்குப் போகலாம். முதல் இரண்டு இடம் காசாப்ளாங்கா அணிப் பெண்கள் இருவருக்கு என்று எல்லோரும் எழுதியே வைத்துவிட்டார்கள். மூன்றாவது தூரியாவுக்கு.

"ரபாத்ல நான் முழுசா ஓடறேன் கோச்" என்றாள் இத்தோ.

பெனைசா பாதி மென்ற ரொட்டியை மெதுவாக விழுங்கினார். "நல்ல முயல் கிடைக்கறது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் நாலு வருஷமா என்னை விடாம வெச்சிருக்கீங்க."

"ஓடு, யாரு வேணாம்னா? ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. உடம்புக்குக் காது கிடையாது. நீ சொல்றது எதுவும் அதுக்குக் கேக்காது. நீ என்ன செய்யறியோ அதை மட்டும்தான் கத்துக்கும். நாம அதுக்கு மூவாயிரம் கத்துக் குடுத்திருக்கோம். அதுக்கு மேல ஒரு அடிகூடச் சொல்லிக் குடுக்கல. உன் மனசு துனிஸ் போகணும்னு நினைக்கலாம், உன் கால் ஸ்வெட்டரைத் தேடும்."

"அப்ப மீதியைக் கத்துக் குடுங்க."

"தூரியாவோட பயிற்சியைக் கெடுக்காம என்ன முடியுமோ பாக்கறேன்" என்றார். அதில் எரிச்சலும் இருந்தது, கொஞ்சம் ஆர்வமும் இருந்தது. இரண்டையும் ஒரே முகத்தில் வைத்துக்கொள்வது பெனைசாவுக்குக் கைவந்த கலை.

ஆனால் இத்தோவுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. ஐயாயிரம் ஓட வேண்டுமென்றால் ஐயாயிரம் ஓடிப் பழக வேண்டியதுதானே என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். காலையில் தூரியாவுக்கு முயலாக ஓடி முடித்துவிட்டு, சாயங்காலம் எல்லோரும் போன பிறகு தனியாக வந்து ஐயாயிரத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவாள். தினமும். முதல் வாரம் நேரம் குறைந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவது வாரம் நேரம் அப்படியே நின்றது. இன்னும் உக்கிரமாக ஓடினாள். மூன்றாவது வாரம் நேரம் கூடிக்கொண்டே போனது. படுத்தால் தூக்கம் வரவில்லை. எழுந்தால் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. மோஹா உப்பை இடம் மாற்றி வைத்துவிட்டான் என்று ஒருநாள் அழுதாள். அழுது முடித்துவிட்டு, உப்பு வைத்த இடத்திலேயே இருப்பதைப் பார்த்தாள்.

இந்த ஊர் ஓட்டக்காரர்களுக்கு இப்படி ஒரு குணம் உண்டு. வலித்தால் வேலை நடக்கிறது என்று நினைப்பார்கள். படுத்திருப்பதைப் பாவம் போல நினைப்பார்கள். காடு முழுக்க ஆட்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருத்தி மட்டும் கட்டிலில் கிடந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று ஒரு கவலை. இத்தோ மட்டும் விதிவிலக்கா?

காலையில் முயல் வேலையிலேயே ஒரு சுற்று பிசகியபோதுதான் பெனைசாவுக்கு மூக்கு வியர்த்தது. அவளைக் கூப்பிட்டு, ஓரத்துப் பலகையில் உட்காரவைத்து, மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். பிறகு முழங்காலுக்குக் கீழே, எலும்பின் ஓரமாகக் கட்டை விரலால் அழுத்தினார். இத்தோ பலகையைவிட்டு எழும்பிவிட்டாள்.

"சாயங்காலமும் ஓடறியா?"

அவள் காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

"தினமுமா?"

"மீதி ரெண்டாயிரம் கத்துக்க வேணாமா?"

"ஓடும்போது உடம்பு எதையும் கத்துக்கறதில்ல இத்தோ. ஓடும்போது அது கிழியுது. தூங்கும்போதுதான் தைச்சுக்குது. முந்தி இருந்ததைவிடக் கொஞ்சம் கெட்டியா தைச்சுக்கும், அடுத்த தடவை கிழியாம இருக்கணும்னு. நீ தைக்கறதுக்கு நேரமே குடுக்காம மறுபடி மறுபடி கிழிச்சிருக்கே. இப்ப கையில கந்தல்தான் இருக்கு."

"தூரியா ஒருநாள் விட்டு ஒருநாள் உக்கிரமா ஓடறா. அவளுக்கு ஒண்ணும் ஆகலியே."

"அது தூரியாவோட உடம்பு. அவ ராத்திரி தூங்கினா காலைல புதுசா எந்திரிப்பா. நீ அப்படி இல்ல. உனக்கு ரெண்டு நாள் வேணும். நாலு வருஷமா அவ பயிற்சியையே உனக்கும் போட்டேன், அது என் தப்பு. முயலுக்கு எதுக்குத் தனிப் பயிற்சின்னு நினைச்சிட்டேன்."

இதைச் சொல்லிவிட்டு அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தன் தப்பைச் சொல்வது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

பத்து நாள் ஓடக்கூடாது என்றார். வருஷக்கணக்காகச் சேர்த்ததெல்லாம் பத்து நாளில் ஒழுகிப் போய்விடும் என்று இத்தோ பயந்தாள். பத்து நாளில் அப்படிப் போகாது, மாசக்கணக்காகக் கிடந்தால்தான் போகும் என்று பெனைசா சத்தியம் செய்தார். அவள் நம்பவில்லை. ஆனால் கால் நம்பிவிட்டது. அதற்கு வேறு வழியில்லை. வீட்டில் கிடந்தாள், தூங்கினாள், மோஹா கொண்டுவந்த ரொட்டியைத் தேனில் தொட்டுத் தின்றாள், எதிர்வீட்டுக்காரிகளோடு டீ குடித்தாள். கால்வலி இறங்கியது. பதினொன்றாம் நாள் காட்டுக்குள் மெதுவாக ஓடிப் பார்த்தபோது கால் தானாக மிதந்தது. அவளுக்குக் கோபமாக வந்தது. இத்தனை வருஷமாகச் சோம்பேறித்தனம் என்று நினைத்துத் தள்ளிவைத்தது மருந்தாக இருந்திருக்கிறதே என்ற கோபம்.

அதன் பிறகு பெனைசா அவளுக்கென்று தனியாகப் போட்டுக் கொடுத்தார். ஒருநாள் உக்கிரம், இரண்டு நாள் மெதுவோட்டம். மெதுவோட்டம் என்றால் பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். பேச முடியாவிட்டால் அது மெதுவோட்டமில்லை, திருட்டு. உக்கிரமான நாளிலும் முழு ஐயாயிரம் கிடையாது. முதல் மூவாயிரத்தை அவளுடைய சொந்த வேகத்தில், அதாவது தூரியாவின் வேகத்தைவிடச் சுற்றுக்கு இரண்டு நொடி மெதுவாக ஓட வேண்டும். பிறகு கால் களைத்திருக்கும்போது ஒரு சுற்று வேகமாக. அடுத்த வாரம் ஒன்றரைச் சுற்று. அதற்கடுத்த வாரம் இரண்டு. "கூட்டணும், ஆனா கூட்டறது உடம்புக்குத் தெரியக்கூடாது" என்பார். நான்காவது வாரம் ஏற்றியதையெல்லாம் பாதியாக இறக்கிவிடுவார். இத்தோ முணுமுணுப்பாள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஒன்று மட்டும் சரிப்படவேயில்லை. அவளால் யாருக்கும் பின்னால் ஓட முடியவில்லை. தூரியாவை முன்னால் விட்டு இவளைப் பின்னால் ஓடச் சொன்னால் இரண்டு சுற்றுக்குள் முட்டி மோதிக்கொண்டு முன்னால் போய்விடுவாள். நான்கு வருஷமாக அவள் எந்த ஓட்டக்காரியின் முதுகையும் பார்த்ததில்லை. முன்னால் ஒரு முதுகு தெரிந்தால் தான் ஏதோ வேலையைச் செய்யாமல் விட்டுவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

"சரி, முன்னாடியே ஓடித் தொலை" என்றார் பெனைசா கடைசியில். "ஆனா உன் வேகத்துல."

ரபாத்துக்குப் போகும் பேருந்தில் தூரியாவும் இத்தோவும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. இருவரும் எப்போதும் அப்படித்தான் போவார்கள். தூரியா ஜன்னலோரம், வாதுமைப் பொட்டலம் மடியில். அவள் இருபத்தாறு வயசுக்காரி. இத்தோவை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் அக்காவுக்குத் தருகிற மரியாதை எதையும் தரமாட்டாள்.

"தூரியா, ஒண்ணு சொல்றேன். நாளைக்கு நான் உனக்காக ஓடல" என்றாள் இத்தோ. "என் வேகம். சுற்றுக்கு ரெண்டு நொடி மெதுவா. உனக்குப் பத்தலேன்னா ஆரம்பத்துலயே என்னைத் தாண்டிப் போயிடு. அப்புறம் சொல்லலேன்னு சொல்லாதே."

"கோச் சொன்னாருக்கா. முயல் மூவாயிரத்தைத் தாண்டினா என்னாகும் தெரியுமா?"

"என்னாகும்?"

"தெரியாது. இதுவரைக்கும் எந்த முயலும் தாண்டினதில்ல." வாதுமையை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "மூணு இடம்தான் இருக்கு. தெரியுமில்ல?"

"தெரியும்."

"காசாப்ளாங்காக்காரிங்க ரெண்டு பேரை நம்மால ஒண்ணும் பண்ண முடியாது."

"முடியாது."

"அப்ப மிச்சம் ஒண்ணு."

"ஆமா தூரியா. ஒண்ணு."

தூரியா வாதுமைப் பொட்டலத்தை இத்தோ பக்கம் நகர்த்தி வைத்தாள்.

பந்தயம் சாயங்காலம். கடல்காற்று மேற்கு வளைவில் நேராக முகத்தில் அடித்தது. பன்னிரண்டு பேர் கோட்டில் நின்றார்கள். துப்பாக்கி வெடித்ததும் இத்தோவின் கால்கள் தாமாகவே முன்னால் போய் நின்றன. அவள் அதைத் தடுக்கவில்லை. ஆனால் வேகத்தை அவள்தான் பிடித்துவைத்தாள். கால்கள் தூரியாவின் வேகத்துக்குப் போகத் துடித்தன, நன்றாகத் தெரிந்த வீட்டுக்குள் நுழையப் பார்க்கிற மாடு போல. அவள் இழுத்துப் பிடித்து, சுற்றுக்கு இரண்டு நொடி மெதுவாக்கினாள்.

அவளைத் தாண்டி யாராவது போவார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரும் போகவில்லை. இரண்டாவது சுற்றிலும் போகவில்லை. தூரியா வழக்கமான இடத்தில், வலது தோளுக்குப் பின்னால், அதே மூச்சோடு வந்துகொண்டிருந்தாள். அந்த மூச்சை இத்தோ ஆயிரம் பேருக்கு நடுவிலும் கண்டுபிடித்துவிடுவாள். மூன்று தடவை இழுத்து, இரண்டு தடவை விடுகிற மூச்சு. பேருந்தில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லியாயிற்று. அப்படியும் தூரியா போகவில்லை. தெரிந்த முதுகு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்போது அவளுக்குத் தாண்டத் தோன்றவில்லை போலிருக்கிறது. காசாப்ளாங்காக்காரிகளும் அப்படியே பின்னால் இருந்துகொண்டார்கள். முயல் முன்னால் போகிறதே, முயல் சரியாகத்தான் போகும் என்று எல்லோரும் நினைத்திருக்க வேண்டும்.

இத்தோவுக்கு உடம்பு நன்றாக இருந்தது. அவள் அதைச் சந்தேகத்தோடுதான் கவனித்தாள். ஆறாவது சுற்றில் வழக்கமாகத் தொடையில் ஆரம்பிக்கிற எரிச்சல் இன்னும் வரவில்லை. இன்றைக்கு முடித்துவிடுவேன் என்று முதல்முறையாக நினைத்தாள்.

மூவாயிரம் மீட்டர் முடிகிற இடம் இறுதிக் கோடுதான். அங்கே ஓர் ஆள் மிச்சச் சுற்று எத்தனை என்று பலகையைத் திருப்பிவைப்பார். ஐந்து என்று பலகை சொன்னது. கோட்டைத் தாண்டி வளைவில் நுழைந்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிவதற்குள் அது நடந்து முடிந்துவிட்டது. இடது கால் ஊன்றியது, வலது கால் வெளிப்பக்கம் போனது, இன்னோர் அடி, இன்னும் ஓர் அடி. அவள் மூன்றாவது தடத்தில் நின்றாள். கைகள் இடுப்புக்குப் போயின. பக்கத்தில் காற்று வீசியது மாதிரி தூரியா உள்பக்கமாகப் பறந்து போனாள். அவளுக்குப் பின்னால் காசாப்ளாங்காக்காரிகள், அதற்குப் பின்னால் மற்றவர்கள்.

நான்கு வருஷம் சொல்லிக் கொடுத்ததை அந்தக் கால் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்துவிட்டது.

வேலிக் கம்பியோரம் நின்ற பெனைசா தலையில் அடித்துக்கொள்வது தெரிந்தது. "உள்ள வா இத்தோ. உள்ள வாடி" என்று அவர் கத்தினார். வாடி என்று அவர் அவளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

அவளுக்கு அழுகைதான் வந்தது. ஆனால் அழுவதற்கும் மூச்சு வேண்டும். உள்ளே வந்தாள். முன்னால் பதினொரு முதுகுகள். அவள் பார்த்தேயிராத முதுகுகள். ஒருத்தி தலையை இடப்பக்கம் சாய்த்து ஓடுகிறாள், ஒருத்தியின் பின்னல் ஆடுகிறது, ஒருத்தியின் சட்டையில் எண் பிய்ந்து தொங்குகிறது. இத்தனை நாளும் எல்லோரும் அவள் முதுகைத்தான் பார்த்து ஓடினார்கள். முதுகு என்பது பிடித்துக்கொள்கிற கயிறு என்று இப்போதுதான் புரிந்தது. கடைசியாக ஓடிய பெண்ணின் முதுகைப் பிடித்தாள். அது பக்கத்தில் வந்தது. அடுத்ததைப் பிடித்தாள்.

களைத்த காலோடு வேகமாக ஓடுவதைத்தான் கடந்த வாரங்களில் அவள் கற்றிருந்தாள். விலகி நின்ற அந்தச் சில நொடிகளில் மனம்தான் உடைந்திருந்தது. காலுக்கு அது தெரியாது. காலுக்குத் தெரிந்ததெல்லாம் மூவாயிரம் முடிந்தது, இனி வேகம் என்பதுதான். இரண்டு சுற்று போவதற்குள் ஐந்து பேரைத் தாண்டியிருந்தாள்.

முன்னால் தூரியா எல்லோரையும் விட்டுத் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். முயல் விலகினதும் கிளம்புவதுதானே அவளுக்குப் பழக்கம். ஆனால் வழக்கமாக அவள் கிளம்புகிறபோது கடிகாரம் நன்றாக இருக்கும். இன்று சுற்றுக்கு இரண்டு நொடி பின்தங்கியிருந்தது. தொலைந்துபோன நொடிகளைத் திருப்பி எடுக்க அவள் இருப்பதையெல்லாம் இரண்டே சுற்றில் கொட்டினாள். மூன்றாவது சுற்றில் காசாப்ளாங்காக்காரிகள் அலட்டிக்கொள்ளாமல் அவளைத் தாண்டிப் போனார்கள். அவளால் அவர்களைப் பிடிக்க முடியவில்லை.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது இத்தோ ஐந்தாவது. எதிர் நேர்ப்பாதையில் நான்காவது. காற்று வளைவில் இறங்கும்போது அவளுக்கு எட்டுகிற தூரத்தில் ஒரே ஒரு முதுகு மிச்சமிருந்தது, தூரியாவின் முதுகு. தூரியா களைத்தால் வலது முழங்கை வெளியே பிதுங்கும் என்று இத்தோவுக்கு அன்றுவரை தெரியாது. மூச்சை மட்டும்தான் தெரியும். இப்போது அந்த மூச்சு கணக்கெல்லாம் தப்பிக் கிழிந்துகொண்டிருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், தாண்டிப் போய் அவளுக்கு முன்னால் நின்று காற்றை மறைத்து, சரியான வேகத்தில் அவளைக் கோட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று இத்தோவுக்குத் தோன்றியது. நான்கு வருஷமாக அதுதானே அவள் வேலை.

தாண்டினாள். காற்றை மறைக்கவில்லை. பக்கத்தில் வந்து, தோளோடு தோள் ஓடி, முப்பது மீட்டர் இருக்கும்போது முன்னால் போனாள். கோட்டைத் தாண்டியதும் எங்கே நிற்பது என்று தெரியாமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு நடுவர் வந்து தோளைப் பிடித்து, "முடிஞ்சுதும்மா, முடிஞ்சுது" என்றார்.

மூன்றாவது. தூரியா நான்காவது.

தூரியா தடத்தின் ஓரமாக மல்லாந்து கிடந்தாள். இத்தோ போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு தூரியா வானத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"வேணும்னே செஞ்சியா?"

"எதை?"

"விலகினியே. நீ விலகினதாலதான் நான் கிளம்பினேன். நீ விலகாம இருந்திருந்தா அவளுங்க பின்னாடியே இருந்திருப்பேன். என்னைக் கிளப்பிவிட்டுக் கொல்லணும்னு செஞ்சியா?"

அந்தக் கேள்வி இத்தோவை அறைந்தது. வெற்றியை இன்னும் நம்பக்கூட ஆரம்பிக்கவில்லை, அதற்குள் அது கசந்துபோயிற்று. அவள் தூரியாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் விலகல தூரியா. கால் விலகிச்சு. அங்கேயே எனக்கு அழுகை வந்துச்சு, நீ பாக்கல. எனக்கு எல்லாம் போச்சுன்னுதான் நினைச்சேன்."

தூரியா திரும்பி அவளைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். பொய் சொல்கிற முகமா என்று தேடினாள். பிறகு சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியாத ஒரு சத்தம் வந்தது.

"கூட்டத்தோடயே இரு, அவசரப்படாதேன்னு கோச் காலைல அத்தனை தடவை சொல்லியனுப்பினாரு" என்றாள். "நானும் மண்டைய மண்டைய ஆட்டினேன். நீ வெளிய போன உடனே... நான் போகலக்கா. என் காலும்தான் போச்சு."

இத்தோ அவள் கையைப் பிடித்தாள். தூரியா பிடுங்கிக்கொள்ளவில்லை. கண்ணைத் துடைக்காமலே அழுதாள். துனிஸ் போயிற்றே என்று அழுதாள். இத்தோவும் அழுதாள். தன்னுடைய சந்தோஷத்துக்காக எவ்வளவு, இவளுடைய துக்கத்துக்காக எவ்வளவு என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிரிக்க அவள் விரும்பவும் இல்லை.

பெனைசா நொண்டிக்கொண்டே வந்து அவர்கள் தலைக்குமேல் நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"கோச்" என்றாள் தூரியா, படுத்தபடியே. "துனிஸ்லயும் இவ கால் விலகும்."

"விலகும்" என்று ஒப்புக்கொண்டார் பெனைசா.

"அப்ப அதை மறக்கடிக்கணும். நான் முன்னாடி ஓடறேன். மூவாயிரத்துல நான் விலகறேன். இவ நேரா போய்ப் பழகட்டும்." மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்கே ஆரம்பிக்கலாம்."

இத்தோ அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"நாளைக்கு ரெண்டு பேரும் தூங்குங்க" என்றார் பெனைசா. "நாளன்னிக்கும் தூங்குங்க. அப்புறம் பாக்கலாம்."